கப்பல்களைச் சூரியனுக்குள் விட்டது சரியா?
ஒரு தொலைக்காட்சித் தொடரின் முடிவும் பார்த்தவர்களின் பிணக்கும்

மலருக்குக் கட்டுரை என்றால் என்னிடம் சிந்தாமணி, நீலகேசி, கல்வெட்டு என்றுதான் எதிர்பார்ப்பார்கள். இம்முறை ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பற்றி எழுதுகிறேன். காரணம் இருக்கிறது. ஊரை இழந்த ஒரு கூட்டம் புது இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, கையில் கொண்டு வந்ததை வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா என்பதுதான் அந்தத் தொடரின் கடைசிக் கேள்வி. அதற்குத் தொடர் சொன்ன பதிலைக் கேட்டு, பார்த்தவர்கள் இரண்டாகப் பிரிந்து போனார்கள். 2009-இல் தொடங்கிய பிணக்கு இன்னும் ஓயவில்லை. பிழைப்புக்காக ஊர் விட்டு வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போகிற நமக்கு இது அந்நியமான விஷயம் அல்ல.

தொடரின் பெயர் 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா'. இந்தப் பெயரில் இரண்டு தொடர்கள் உண்டு. க்ளென் லார்சன் உருவாக்கிய முதல் தொடர் 1978-இல் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் வந்து ஒரே பருவத்தோடு நின்றது. நான் சொல்லப்போவது இரண்டாவதை. ரொனால்ட் மூர், டேவிட் ஐக் என்ற இருவர் பழைய கதையை எடுத்துப் புதிதாகச் செய்தார்கள். 2003 டிசம்பரில் குறுந்தொடராக வந்தது. 2004 அக்டோபரில் பிரிட்டனிலும், 2005 ஜனவரியில் அமெரிக்காவிலும் முழுத்தொடராகத் தொடங்கியது. நான்கு பருவங்கள். 2009 மார்ச் 20 அன்று 'டேபிரேக்', அதாவது விடியல், என்ற அத்தியாயத்தின் கடைசிப் பகுதியோடு முடிந்தது.

2020 ஊரடங்கில் என் பாத்திரக் கடை மூடிக் கிடந்தபோது, மகன் ஒரு ஹார்டு டிஸ்க்கில் வைத்திருந்ததை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். எழுபதுக்கும் மேற்பட்ட அத்தியாயங்கள். ஆரம்பத்தில் தலைப்புப் பாட்டைக் கேட்டே நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ரிச்சர்ட் கிப்ஸ் என்பவர் அமைத்த அந்த இசையில் ஒரு பெண் குரல் காயத்ரி மந்திரத்தைப் பாடுகிறது! நியூயார்க், லண்டன் வீடுகளில் வாராவாரம் ஒலித்திருக்கிறது. எத்தனை பேருக்கு அது இன்னதென்று தெரிந்திருக்கும்?

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு உலகங்களில் மனிதர்கள் வாழ்கிறார்கள். வேலைக்காக அவர்கள் செய்த இயந்திரங்கள், பெயர் சைலான்கள், எதிர்த்து எழுந்து போர் நடந்து சமாதானமாகிறது. நாற்பது ஆண்டுகள் கழித்து அவை மனித உருவத்தோடு திரும்பி வந்து பன்னிரண்டு உலகங்களையும் அணுகுண்டால் அழிக்கின்றன. கணினிகளை ஒன்றோடொன்று இணைக்காத பழைய போர்க்கப்பல் என்பதால் கலாக்டிகா மட்டும் தப்புகிறது. மற்ற பயணிக் கப்பல்களையும் சேர்த்து மிஞ்சியவர்கள் ஏறக்குறைய 50,000 பேர். பதவி வரிசையில் 43-ஆவது இடத்தில் இருந்த கல்வி அமைச்சர் லாரா ரோஸ்லின், பள்ளி ஆசிரியையாக இருந்தவர், தலைவியாகிறார். மிஞ்சியவர்களின் எண்ணிக்கையை அவர் தன் அறையில் ஒரு வெள்ளைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார். ஆள் இறந்தால் அழித்து எழுதுவார், குழந்தை பிறந்தால் கூட்டுவார். கடைக்கணக்கு எழுதிப் பழகிய எனக்கு அந்தப் பலகைதான் தொடரின் உயிர் என்று தோன்றியது.

அவர்கள் தேடுவது பூமி என்ற இடத்தை. நான்காம் பருவத்தின் நடுவில், 2008 ஜூனில், அதைக் கண்டுபிடிக்கிறார்கள். அது எப்போதோ அணுகுண்டால் எரிந்த சாம்பல் மேடு. கடைசி அத்தியாயத்தில், ஹீரா என்ற குழந்தையைக் காப்பாற்றப் போய், காரா த்ரேஸ் என்ற விமானி ஒரு பாட்டின் சுரங்களை எண்களாக்கி அழுத்த, கப்பல் தாவிப் போய் வேறொரு உலகத்தின் அருகே நிற்கிறது. அதுதான் நம் பூமி, 1,50,000 ஆண்டுகளுக்கு முன். அங்கே ஆதி மனிதர்கள் புல்வெளியில் நடமாடுகிறார்கள். வந்தவர்கள் ஒரு முடிவு எடுக்கிறார்கள்: நகரம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம், கப்பல்கள் வேண்டாம். கப்பல்கள் எல்லாம் வரிசையாகச் சூரியனை நோக்கிப் போகின்றன. பின்னணியில் 1978 தொடரின் பழைய இசை. மக்கள் கொஞ்சம் பொருள்களோடு சிறு சிறு கூட்டமாகப் பூமியெங்கும் பிரிந்து நடக்கிறார்கள். பிறகு ஒரு வெட்டு, இன்றைய நியூயார்க். ஹீராதான் நம் எல்லோருக்கும் ஆதித் தாய் என்று தெரிய வருகிறது.

பிணக்கு எங்கே என்று பார்ப்போம்.

அதிகம் பேசப்பட்ட குறை, எல்லாவற்றுக்கும் கடவுளைக் காரணமாக்கி விட்டார்கள் என்பது. காரா த்ரேஸ் 2007-இல் வந்த ஓர் அத்தியாயத்தில் கப்பல் வெடித்து இறக்கிறாள். புத்தம் புதுக் கப்பலில் திரும்பி வருகிறாள். எரிந்த பூமியில் தன் பிணத்தையே பார்க்கிறாள். அப்படியானால் இவள் யார்? இரண்டு ஆண்டுகள் காத்திருந்தவர்களுக்குக் கிடைத்த விடை: புல்வெளியில் பேசிக்கொண்டிருக்கும்போதே மறைந்து போகிறாள். அவ்வளவுதான். பால்டார் என்ற விஞ்ஞானியின் கண்ணுக்கு மட்டும் தெரிந்து வந்த பெண்ணும் கடவுள் அனுப்பிய தூது என்று முடிகிறது. எழுத்தாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின், இப்படிக் கடவுளை இறக்கிக் கதையை முடிப்பது எழுத்தின் அரிச்சுவடி தெரியாதவர் செய்வது என்று பொருள்பட எழுதினார். (பத்து ஆண்டுகள் கழித்து, 2019 மே மாதம், அவருடைய கதையிலிருந்து எடுத்த தொலைக்காட்சித் தொடரின் முடிவும் இதே பாடு பட்டது. அந்த முடிவை எழுதியவர் அவர் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும்.) சைலான்களிடம் ஒரு திட்டம் இருக்கிறது என்று தலைப்பு எழுத்துகளிலேயே அறிவித்து வந்தார்களே, அந்தத் திட்டம் என்ன ஆயிற்று என்று கேட்டவர்களும் உண்டு. அதற்கு அதே ஆண்டு பிற்பாடு தனியாக ஒரு படம் எடுத்து விடை சொல்லப் பார்த்தார்கள்.

உலகத்தைப் படைத்து நடத்துகிற ஒருவன் உண்டு என்று ஒத்துக்கொள்ளாத மரபில் பிறந்தவன் நான். எங்கள் நூல்களில் காலம் ஒரு சக்கரம்: இறங்குகிற பாதிக்கு அவசர்ப்பிணி, ஏறுகிற பாதிக்கு உத்சர்ப்பிணி என்று பெயர். அதைச் சுழற்ற ஆள் கிடையாது. ஆகவே இந்தக் குறையை முதலில் நான்தான் சொல்ல வேண்டும். ஆனால் சொல்ல மாட்டேன். ஏனென்றால் அந்தக் கடவுள் கடைசி நாளில் வந்து குதித்தவர் அல்ல. 2003 குறுந்தொடரிலேயே அந்தப் பெண் பால்டாரிடம் கடவுளைப் பற்றிப் பேசுகிறாள். முழுத்தொடரின் முதல் அத்தியாயத்திலேயே, அவன் வருந்துகிறேன் என்று மனம் திரும்பிச் சொன்ன கணத்தில் அவனுக்கு வந்த ஆபத்து விலகுகிறது. இதெல்லாம் முன்பும் நடந்தது, இனியும் நடக்கும் என்று பாத்திரங்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். வாசலிலேயே பலகை மாட்டிய கடையில், உள்ளே போய் இதை ஏன் விற்கிறாய் என்று கேட்க முடியுமா? ஏற்காமல் இருக்கலாம், ஏமாற்றினான் என்று சொல்லக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. மூர் இந்த முடிவைத் திட்டமிட்டது, 2007 நவம்பரிலிருந்து 2008 பிப்ரவரி வரை நடந்த ஹாலிவுட் எழுத்தாளர் வேலைநிறுத்தத்தை ஒட்டி. கதை முடிச்சுகளோடு மல்லுக்கட்டி அலுத்துப் போய், முக்கியமானது பாத்திரங்கள்தான் என்று பலகையில் எழுதி வைத்துக்கொண்டு மறுபடி தொடங்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். காராவுக்கு விளக்கம் சொல்லாமல் விட்டதும் தெரிந்தே செய்ததுதான். ஆக, பார்த்தவர்கள் பிரிந்ததில் வியப்பில்லை. முடிச்சுக்காகப் பார்த்தவர்களுக்குக் கை காலியாகப் போயிற்று. மனிதர்களுக்காகப் பார்த்தவர்களுக்கு நிறைந்து போயிற்று. ரோஸ்லின் ஆகாயத்திலிருந்து பறவைகளையும் மான்கூட்டங்களையும் பார்த்தபடியே உயிர் விடுவதையும், கப்பல் தளபதி அடாமா தன் மோதிரத்தைக் கழற்றி அவர் விரலில் போடுவதையும் பார்த்துவிட்டு முடிவு மோசம் என்று சொல்ல எனக்கும் நா வரவில்லை.

பால்டாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவன் ஏழை விவசாய உலகத்தில் பிறந்தவன். அந்த ஊர்ப் பேச்சு நாவில் வந்தால் கேவலம் என்று சிறு வயதிலேயே தலைநகர் உச்சரிப்பைப் பழகிக்கொண்டு, அப்பனை மறைத்து, பெரிய ஆளானவன். கடைசியில் எல்லாவற்றையும் இழந்து, தன் பெண்ணோடு மண்ணில் நின்று, எனக்கு விவசாயம் தெரியும் என்று சொல்ல வருகிறான், தொண்டை அடைத்துக்கொள்கிறது. எங்கள் வீட்டில் மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெளியூரில், பஸ்ஸில், பிள்ளைகள் "அப்பா, தமிழ்ல பேசாதீங்க" என்று காதில் கிசுகிசுக்கும்போது நமக்கு வருமே ஒன்று, அதுதான் அந்தத் தொண்டை அடைப்பு.

ஆனால் அந்தக் காட்சியிலிருந்துதான் என் பிணக்கும் தொடங்குகிறது.

என் பிணக்கு கடவுளோடு அல்ல, அந்தத் துறவோடு. நாற்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைந்த ஒரு கூட்டம், மருந்து, கருவி, புத்தகம், கப்பல் எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டுவிட ஒத்துக்கொள்கிறது. அடாமாவின் மகன் லீ, நம் அறிவு வேகமாக ஓடிவிட்டது, ஆன்மா பின்தங்கிவிட்டது, இந்தச் சுழலை இங்கேயே முறிப்போம் என்கிறான். சரி என்று விடுகிறார்கள். எல்லாரும் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டார்களே என்று கதைக்குள்ளேயே ஒரு பாத்திரம் வியக்கிறது. புதிதாகத் தொடங்கும் ஆசையைக் குறைத்து எடை போடாதே என்று லீ பதில் சொல்கிறான். இந்த ஒரு வரிப் பதில் போதுமா? இதே மக்கள் சில வாரங்களுக்கு முன் வந்த அத்தியாயங்களில், சைலான்களின் இயந்திரத்தைத் தங்கள் கப்பல்களில் பொருத்தச் சொன்னதற்கே கலகம் செய்து தலைவர்களைக் கொல்லத் துணிந்தவர்கள். ஒரு திருகாணிக்குச் சண்டை போட்டவர்கள், மொத்தத்தையும் கேள்வியே இல்லாமல் விட்டார்களாம்.

மகன் ஒப்புக்கொள்ளவில்லை. "அப்பா, நாலு வருஷம் இரும்புப் பெட்டிக்குள்ள அடைஞ்சு கிடந்தவங்க. பாசியைத் தின்னு உயிர் வாழ்ந்தவங்க. பச்சைப் புல்லைப் பாத்ததும் போதும்னு ஆயிடாதா?" என்றான். மருமகள், "அப்ப பிரசவத்துக்கு யார்கிட்ட போறது? மாமா கேக்கறது சரிதான்" என்றாள். முடிவைக் கண்டு அழுததும் அவள்தான், அதைக் குறை சொன்னதும் அவள்தான் என்பதைக் கவனியுங்கள். பிளவு ஆளுக்கு ஆள் மட்டும் அல்ல, ஓர் ஆளுக்குள்ளேயே ஓடுகிறது.

துறவு எப்படி வரும் என்பதற்கு நம்மிடம் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. சீவகன் அரசனாக, எண்மரை மணந்து, எல்லா இன்பத்தோடும் இருக்கிறான். ஒரு நாள் சோலையில் ஓர் ஆண் குரங்கு பலாப்பழத்தைத் தன் பெண் குரங்குக்குக் கொடுக்கிறது; காவலன் விரட்டிவிட்டுப் பழத்தைத் தான் எடுத்துக்கொள்கிறான். அந்தப் பழம்தான் தன் அரசு என்று சீவகனுக்குப் படுகிறது. அவன் வினை, அவன் கண், அவன் முடிவு. அப்போதும் நாட்டைச் சூரியனுக்குள் எறியவில்லை. முறையாக மகனிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறான். மனைவியர் துறந்தது அவரவர் துறவு. திருத்தக்கதேவர் இதற்கு ஓர் இலம்பகமே ஒதுக்கினார். துறவு என்பது கை தூக்கி வாக்கெடுக்கிற விஷயம் அல்ல. ஒருவன் துறக்கலாம், அடுத்தவனின் பேரப்பிள்ளைக்குப் போய்ச் சேர வேண்டிய மருந்தை அவன் துறக்க முடியாது. சக்கரத்திலிருந்து ஓர் உயிர் விடுபடலாம் என்றுதான் எங்கள் பெரியவர்கள் சொன்னார்கள். எல்லோருக்குமாகச் சேர்த்துச் சக்கரத்தையே நிறுத்திவிடலாம் என்று அவர்கள் சொன்னதில்லை. தொடரும் அதை உள்ளுக்குள் அறிந்திருக்கிறது போலும். கடைசிக் காட்சியில் நியூயார்க்கில் புதுப்புது ரோபோக்கள் நடனமாடுகின்றன. பின்னே எதற்காக அத்தனை கப்பல்களையும் எரித்தார்கள்?

இங்கே அறிவியலையும் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். ஹீரா ஆதித் தாய் என்பது 1987-இல் ரெபெக்கா கேன், மார்க் ஸ்டோன்கிங், ஆலன் வில்சன் என்ற மூவர் வெளியிட்ட ஆய்விலிருந்து எடுத்த கருத்து. நம் உயிரணுக்களில் மைட்டோகாண்ட்ரியா என்ற பகுதி உண்டு. அதன் மரபுப்பொருள் தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. அம்மா, அம்மாவின் அம்மா, அவளுடைய அம்மா என்று தாய்வழியிலேயே பின்னோக்கிப் போனால், இன்றுள்ள எல்லா மனிதருக்கும் பொதுவான ஒரு பெண்ணிடம் போய் முடியும். அவள் ஆப்பிரிக்காவில் இருந்தவள். காலம் ஏறக்குறைய 2,00,000 ஆண்டுகள் என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. அக்காலத்தில் அவள் மட்டுமே பெண்ணாக இருந்தாள் என்று பொருள் அல்ல. மற்றப் பெண்களின் ரத்தமும் மகன்கள் வழியாகவும் மகன்களின் மகள்கள் வழியாகவும் நம்மிடம் இருக்கலாம். மகள்-மகள் என்ற நேர் கோடு மட்டும் அறுந்துவிட்டது. இது இன்று உயிரோடு இருப்பவர்களை வைத்து எண்ணித் தருகிற பட்டம். சில தாய்வழிகள் நாளை அற்றுப்போனால் பட்டம் வேறொருத்திக்கு மாறும். ஆகவே தொடரில் காட்டுவதுபோல், ஓர் எலும்பைத் தோண்டி எடுத்து இவள்தான் அவள் என்று சொல்ல வழியில்லை. மேலும், கிடைத்தது ஓர் இளம்பெண்ணின் எச்சம் என்று தொடரே சொல்கிறது. மருத்துவத்தைச் சூரியனுக்குள் விட்டவர்களின் குழந்தை இளமையிலேயே இறந்திருக்கிறாள் என்று கோபப்பட்டவர்கள் கணக்கு வைத்தார்கள். முடிவை விரும்பியவர்கள் இதற்குச் சொல்லும் பதில் எதுவும் எனக்கு ஒட்டவில்லை.

இதைவிட என்னை உறுத்துவது காலக்கணக்கு. பூமியில் விவசாயம் தொடங்கி 10,000 முதல் 12,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. எழுத்து ஏறக்குறைய 5,000 ஆண்டு. அப்படியானால் 1,50,000 ஆண்டுகளுக்கு முன் பால்டார் விதைத்தது? ஒரு மகனுக்கோ, பேரனுக்கோ போயிருக்கலாம், அதற்குள் அற்றுப்போயிற்று. தொண்டை அடைக்கச் சொன்ன அந்த விவசாயம் மண்ணில் ஒரு தடமும் விடவில்லை. அவர்கள் எழுத்து மறந்தது, மருத்துவம் மறந்தது. அவர்கள் வணங்கிய அப்பல்லோ, அதீனா என்ற பெயர்கள் மட்டும் எப்படியோ 1,45,000 ஆண்டுகளுக்கு மேல் மிதந்து கிரேக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தனவாம். லாரா ரோஸ்லின் பலகையில் ஒவ்வொரு உயிராக எண்ணி எண்ணிக் காப்பாற்றியது இதற்காகவா? அந்த அம்மா பள்ளி ஆசிரியை. அவர் உயிரோடு அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்றிருந்தால் ஒரு பள்ளிக்கூடமாவது கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

சுமை என்று லீ சொல்வது எதை? போர்க்கருவியைச் சுமை என்றால் ஒப்புக்கொள்கிறேன். தங்களோடு சேர்ந்து போரிட்ட இயந்திரப் படைக்கு விடுதலை கொடுத்து, ஒரு கப்பலையும் கொடுத்து அனுப்புகிறார்கள். அது அழகான செயல், அதை ஏனோ யாரும் அதிகம் பாராட்டுவதில்லை. ஆனால் புத்தகமும் போருக்கு உடந்தையா? 1880-களில் உ.வே.சாமிநாதையர் சிந்தாமணியைப் பதிப்பிக்க முயன்றபோது அது பலருக்கும் புரியாத நூலாக இருந்தது. கும்பகோணத்துச் சைனர் வீடுகளில் அதைத் தொடர்ந்து படித்துக்கொண்டும், பொருள் சொல்லிக்கொண்டும் இருந்தார்கள். அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, 1887-இல் பதிப்பு வந்தது. அந்தத் தெருவில் எத்தனை வீடு இருந்திருக்கும்? கலாக்டிகாவின் கூட்டத்தோடு ஒப்பிட்டால் ஒரு கைப்பிடி. ஓலையைக் கரையான் தின்னும், எண்ணெய் பூச வேண்டும், நூறு ஆண்டோ இருநூறு ஆண்டோ கழிந்தால் புதிதாக எழுத வேண்டும். சுமைதான் அது. சுமக்க ஆள் இருந்ததால் ஐயர் கேட்டபோது பதில் சொல்ல ஆள் இருந்தது.

முடிவை விரும்பியவர்களை நான் குறைவாக நினைக்கவில்லை. அத்தியாயம் ஒளிபரப்பாவதற்கு மூன்று நாள் முன், 2009 மார்ச் 17 அன்று, நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபைக் கட்டடத்திலேயே இந்தத் தொடரை வைத்து மனித உரிமை, பயங்கரவாதம், சமரசம் பற்றி ஒரு கலந்துரையாடல் நடந்தது. மூரும் ஐக்கும் நடிகர்களும் உட்கார்ந்து பேசினார்கள். போரைப் பார்த்து அலுத்த காலம் அது. எல்லாவற்றையும் போட்டுவிட்டு வெறுங்காலோடு புல்லில் நடக்கலாம் என்ற கனவு யாருக்குத்தான் இனிக்காது? அந்தக் கனவுக்காக அழுதவர்களும், அந்தக் கனவின் விலையை எண்ணிப் பார்த்துக் கோபப்பட்டவர்களும் ஒரே பலகையை வேறு வேறு பக்கத்திலிருந்து படித்தவர்கள். நான் எண்ணிப் பார்க்கிற பக்கம்.

ஒரு தகவலைச் சொல்லி நிறுத்துகிறேன். கதையில்தான் எல்லாம் சூரியனுக்குள் போயிற்று. படப்பிடிப்பு முடிந்ததும், சீருடை, கருவி, கப்பல் உறுப்புகள் என்று கையில் இருந்ததையெல்லாம் 2009 ஜனவரியில் கலிபோர்னியாவின் பாசடீனா நகரில் ஏலம் விட்டார்கள். கடைசி அத்தியாயம் வருவதற்கு இரண்டு மாதம் முன்பே! போட்டி போட்டு வாங்கியிருக்கிறார்கள். 2010-இல் சியாட்டில் அருங்காட்சியகம் ஒன்றில் போர் விமானங்களின் முழு அளவு உருவங்களை வைத்துக் கண்காட்சியே நடத்தினார்கள். சந்ததியார் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள்.